ஸ்டெல்லா அக்கா இல்லாத ஆண்டின் வெற்றியாளர்கள்

டிசம்பர் 9ஆம் திகதி, காலை 6.52. வாசிக்க வேண்டிய பெயர்கள் 143. உச்சரிப்பு இன்னும் உறுதியாகாதவை 22.

இந்த எண்கள் அந்த நிமிடத்தில் என் கணினித் திரையில் இருந்தவை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து, ஸ்டெல்லா அக்காவுக்கு அனுப்புவதற்காகப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. எங்கள் வானொலியின் முகாமையாளர் முனாஸ் சேர். ஒன்பது மணிக்கு முன்னர் அவர் யாரையும் அழைத்ததில்லை.

"மகன், ஸ்டெல்லா போய்ட்டா. விடியக்கால. தூக்கத்துலயே. ஹார்ட்."

நான் கேட்டது இதுதான்: "அப்ப யார் வாசிக்கிறது?"

"நீ முதல்ல கொட்டாஞ்சேனைக்கு, அவ வீட்டுக்குப் போ மகன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மனிதர் இறந்த செய்திக்கு இப்படியா பதில் சொல்வது என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். அந்தப் பயத்தைப் பற்றி எழுதாமல் ஸ்டெல்லா அக்காவைப் பற்றி எழுத முடியாது. அவரும் நானும் ஐந்து வருடம் சேர்ந்து செய்த வேலையே பயத்தோடு செய்த வேலை.

உங்களில் பலருக்கு அவருடைய முகம் தெரியாது. குரல் தெரியும். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31, பிற்பகல் மூன்று மணிக்கு 'ஆண்டின் வெற்றியாளர்கள்'. அந்த வருடம் உலகத்தில் எந்தெந்த விளையாட்டில் யார் யார் முதலிடம் என்று ஒரு மணித்தியாலம் நேரடியாக வாசிப்பார். பெயர், நாடு, விளையாட்டு. அவ்வளவுதான். கால்பந்து, கிரிக்கெட், டென்னிஸ் மட்டுமில்லை. கரம் வரும், வலைப்பந்து வரும், சூமோ வரும். பனிமலையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கால் முன்னால் போக வழுக்கி வரும் ஒரு விளையாட்டு இருக்கிறது, அதுவும் வரும். கொழும்பில் ஐஸ் என்றால் பேலியகொடைச் சந்தையில் மீனுக்குப் போடுவது. அதனால் என்ன, வென்றவர் வென்றவர்தானே என்பார். ஒரு வருடம் ஆண்களின் முடிவை முதலில் வாசித்தால், அடுத்த வருடம் பெண்களின் முடிவு முதலில். இந்த ஒழுங்கை அவர் யாரிடமும் கேட்டுப் போடவில்லை.

வர்ணனைச் சொற்கள் அவருக்கு ஆகாது. விளம்பரம் தரும் மெத்தைக் கம்பனி ஒன்று, பெயர்களுக்கு முன்னால் 'உலகையே திரும்பிப் பார்க்க வைத்த' என்று சேர்க்கச் சொல்லி எழுதி அனுப்பியது. முனாஸ் சேர் அந்தத் தாளை மெதுவாக அவர் முன் வைத்தார்.

"ஸ்டெல்லா, ஒரு வரிதானே. அவங்க தாற சல்லியிலதான் இந்த ப்ரோக்ராம் ஓடுது."

"திரும்பிப் பாக்காதவங்க எத்தன பேர்ன்னு எண்ணிக்கிட்டு வரச் சொல்லுங்க சேர். பிறகு வாசிக்கிறேன்."

முனாஸ் சேர் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் அப்படித்தான். முதலில் கேட்பார், பிறகு சிரிப்பார்.

நிகழ்ச்சி வெற்றியாளர்களோடு தொடங்காது. போன வருடம் வாசித்ததில் பிழையாகிப்போனவற்றோடு தொடங்கும். ஊக்கமருந்தில் பிடிபட்டுப் பட்டம் பறிபோனவர்கள், மேன்முறையீட்டில் பட்டம் திரும்பக் கிடைத்தவர்கள், இரண்டாவதாக வந்து எட்டு மாதம் கழித்து முதலாவதானவர்கள். இவர்களை முதலில் வாசித்துவிட்டுத்தான் இந்த வருடத்துக்கு வருவார். நான் சேர்ந்த புதிதில் இது எனக்குப் பெரிய எரிச்சல். கேட்கிறவன் புதுப் பெயருக்குக் காத்திருக்கிறான், நாம் பழைய கணக்கைக் கிண்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன்.

"வருஷம் டிசம்பர்ல முடியாது தம்பி," என்றார். "ஊக்கமருந்து சோதிக்கிற லெப்ல முடியும்."

நான் ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் படித்தவன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலியைக் கட்டுப்படுத்தும் கொன்சோல், அந்தப் பக்கம் மைக். இந்தப் பக்கம்தான் என் இடம். எனக்கு மைக் என்றால் பயம். ஒருமுறை மின்வெட்டில் அறிவிப்பாளர் வெளியே மாட்டிக்கொள்ள, 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற ஒரு வரியை நான் சொல்ல வேண்டி வந்தது. 'தடங்கலு' வரைக்கும் போனேன். மிச்சம் வரவில்லை. அதைக் கேட்ட ஸ்டெல்லா அக்கா, "மிச்சத்தை ஜனங்களே புரிஞ்சிருப்பாங்க, விடு" என்றார். கிண்டலா ஆறுதலா என்று இன்றுவரை தெரியாது.

பெயர் கேட்கப் போவது என்று ஒரு வேலை இருந்தது. அது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

டிசம்பர் பிறந்தால் அவர் பட்டியலை எடுத்துக்கொண்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் மாலுமிகள் வந்து இளைப்பாறும் விடுதிக்குப் போவார். அவருடைய அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், அதனால் வாசலில் யாரும் தடுப்பதில்லை. உள்ளே ஒரு பில்லியர்ட்ஸ் மேசை, பிளாஸ்டிக் கதிரைகள், இலவச வைஃபை. எல்லா நாட்டு ஆட்களும் தங்கள் வீட்டோடு சத்தமாகக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். ஸ்டெல்லா அக்கா ஒவ்வொருவரிடமும் போய், எந்த நாடு என்று கேட்டு, அந்த நாட்டு வெற்றியாளரின் பெயரைக் காட்டி, இதைச் சொல்லுங்கள் என்பார். பிலிப்பைன்ஸ்காரர் குத்துச்சண்டைக்காரரின் பெயரைச் சொல்வார். எத்தியோப்பியர் ஓட்டக்காரியின் பெயரைச் சொல்வார். போலந்துக்காரர் ஒருவர் 'ஷ்ச்' என்று தொடங்கும் பெயரைச் சொல்லிவிட்டு, அக்கா திரும்பச் சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரிப்பை நிறுத்தும் வரைக்கும் அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார்.

முதல் தடவை என்னையும் ஒலிப்பதிவுக் கருவியோடு கூட்டிக்கொண்டு போனார். வெயில். எனக்குப் பொறுமை இல்லை.

"அக்கா, நெட்ல போட்டா எல்லாப் பேரையும் அதுவே சொல்லும். ரெண்டு நிமிஷ வேலை."

"எப்பிடிச் சொல்லும்?"

போட்டுக் காட்டினேன். கேட்டார். "சரியாத்தான் சொல்லுது. ஆனா கூப்பிடுற மாதிரி இல்லயே," என்றுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நான்கு வருடத்துக்கு முன் அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. உக்ரேன்காரர் ஒருவர், முப்பது வயதிருக்கும், கப்பலில் இயந்திர அறையில் வேலை. மல்யுத்தத்தில் அந்த வருடம் வென்ற அவருடைய நாட்டுக்காரர் ஒருவரின் பெயரைக் காட்டினோம். சொன்னார். அழகாகச் சொன்னார். பிறகு இன்னொரு பெயரையும் சொன்னார்.

"அது யார்?" என்று அக்கா ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் ஊர்ப் பொடியன். இவனைவிடக் கெட்டிக்காரன். போட்டிக்குப் போக முன்னம் போருக்குப் போனான். நீங்கள் அவன் பெயரையும் வாசியுங்கள்."

அக்கா பட்டியலைப் பார்த்தார். அந்த மனிதரைப் பார்த்தார். "மன்னிக்க வேண்டும். அவர் வெல்லவில்லை," என்றார்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நான் மூஞ்சிக்கு நேரே பேசுகிறவன்தான். ஆனால் என்னாலும் அப்படிச் சொல்ல முடிந்திருக்காது. அந்த மாலுமி கோபிக்கவில்லை. தலையை ஆட்டினார். திரும்ப மேசைக்குப் போய் பில்லியர்ட்ஸ் கோலை எடுத்தார். வழி முழுக்க நான் அக்காவோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன். ஒரு பெயர்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். "எனக்குத் தெரியுமே" என்றார்.

அந்த வருடம் 31ஆம் திகதி, மல்யுத்த வெற்றியாளரின் பெயரை வாசித்தார். நாட்டை வாசித்தார். விளையாட்டை வாசித்தார். பிறகு நிறுத்திவிட்டார்.

எங்கள் நிலையத்தில் நான் பொருத்திய ஓர் ஏற்பாடு உண்டு. எட்டு செக்கன் தொடர்ந்து சத்தம் வராவிட்டால் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு, கணினி தானாகவே ஏதாவது ஒரு விளம்பரத்தை ஒலிக்க விடும். நல்ல ஏற்பாடு. பல தடவை மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அன்று ஸ்டெல்லா அக்கா ஒன்பதாவது செக்கனுக்குப் போனார். மெத்தை விளம்பரம் பாய்ந்து வந்தது. 'படுத்தால் சொர்க்கம்' என்று ஒரு பெண் பாடினார்.

கண்ணாடிக்கு அப்பால் அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். விளம்பரம் முடியும் வரைக்கும் காத்திருந்து அடுத்த பெயருக்குப் போனார். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தவர் என்னை ஏசுவார் என்று நின்றேன்.

"எத்தன செக்கன் வச்சிருக்க?"

"எட்டு."

"அடுத்த வருஷம் அதை நிப்பாட்டு. நான் கை காட்டுறேன். கையை விரிச்சுத் தூக்கினா பாட்டைப் போடு. மேசையில கையைப் பொத்தி வச்சா, பொறு."

அப்படித்தான் அந்த இடைவெளி வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் எங்காவது ஒரு பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விடுவார். எங்கே என்று முன்னமே சொல்ல மாட்டார். வானொலி பழுது என்று நினைத்து நீங்கள் தட்டியிருப்பீர்கள். பழுது இல்லை. யாரோ ஒருவர் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். சத்தமில்லாத ஒலிபரப்பு எங்கள் தொழிலில் மரணம். அதைத் தடுக்கத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

அவருக்குப் பயமில்லை என்று நினைத்திருந்தேன். அடுத்த வருடம்தான் கண்டுபிடித்தேன். மைக்கில் சரசரவென்று ஒரு சத்தம். கேபிளை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், போகவில்லை. கடைசியில் பார்த்தால் அது தாள். அக்காவின் கை நடுங்கி, கையிலிருந்த தாள் நடுங்குகிறது. அதற்கடுத்த முறை தாள்களை மட்டையில் ஒட்டிக் கொடுத்தேன். மட்டை சத்தம் போடாது.

நிகழ்ச்சிக்கு முன் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார். கையில் செபமாலை. மட்டைகளை நீட்டினேன். தடவிப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சிட்ட என்ன."

"என்னத்துக்கு அக்கா பயம்? இத்தனை வருஷமா வாசிக்கிறீங்க."

அன்றைக்குத்தான் அவருடைய தம்பி அன்டனைப் பற்றிச் சொன்னார். யுத்த காலத்தில் ஒரு நாள் கொட்டாஞ்சேனையில் வீடு வீடாகச் சோதனை. ஒரு பட்டியலோடு வந்தார்கள். அதில் இருந்த பெயர் அன்டனின் பெயர் இல்லை. கிட்டத்தட்ட அவனுடைய பெயர். வாசித்தவர் அன்டனின் பெயராகவே வாசித்துவிட்டார். கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்றரை மாதம் கழித்து, ஆள் மாறிவிட்டது என்று விட்டார்கள்.

"வந்தான். நல்லாத்தான் வந்தான். ஆனா அதுக்குப் பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான். தோள்ல தொடணும்." எழுந்து சேலையைத் தட்டினார். "பட்டியலை வச்சு பேர் வாசிக்கிறதுன்னா எனக்கு நடுங்கத்தான் செய்யும் தம்பி. நடுங்காம வாசிக்கிறவனை நான் பாத்திருக்கேன்."

அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய், சைக்கிளோட்டம், படகோட்டம், பாரந்தூக்கல் என்று ஒரு மணித்தியாலம் வாசித்தார். ஒரு பெயரும் பிசகவில்லை.

இனி போன வருடம்.

நீச்சல் முடிவுகளை வாசித்துக்கொண்டிருந்தார். பெண்கள், நீண்ட தூரம். பெயர் சொன்னார். நாடு சொன்னார். நின்றுவிட்டார். இதுதான் இந்த வருடத்து இடைவெளி என்று நினைத்துக் கையைப் பார்த்தேன். மேசையில் கை பொத்தியபடி இருந்தது. பொறு. பொறுத்தேன். எட்டு செக்கன் போனது. பன்னிரண்டு. விளையாட்டின் பெயரை அவர் இன்னும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்றையும் சொன்ன பிறகுதான் அவர் நிறுத்துவார். நெற்றியில் வியர்வை. ஏசி ஓடுகிறது, வியர்வை. உதடு சாம்பல் நிறம்.

என் ஒரு கை ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரில். எழுந்து கதவைத் திறந்தால் கதவுச் சத்தம் நாடு முழுக்கக் கேட்கும். பாட்டைப் போட்டால் அவர் சொன்னதை மீறியதாகும். ஒன்றும் செய்யாமல் இருந்தால், ஒரு மனுஷி என் கண் முன்னால் கண்ணாடிக்குப் பின்னால் சாவதை நான் ஒழுங்காக ஒலிபரப்பியதாகும். இந்த மூன்றையும் நான் அந்த நேரத்தில் தெளிவாக யோசித்தேன். கால் மட்டும் அசையவில்லை. வெளியே முனாஸ் சேர் கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, என்ன என்ன என்று கையை ஆட்டினார்.

பொத்திய கை விரியவே இல்லை. பிறகு ஒரு மூச்சு கேட்டது. "நீச்சல்," என்றார். அடுத்த பெயருக்குப் போனார். முடியும் வரைக்கும் வாசித்தார்.

வெளியே வந்ததும் கத்தினேன். ஓம், கத்தினேன். "அது இடைவெளியா, நெஞ்சு நோவா? எனக்கு எப்பிடித் தெரியும்? நான் என்ன செய்றது அங்க இருந்துகொண்டு?"

கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "இடைவெளின்னுதான் தொடங்கினேன்," என்றார். "பிறகு மூச்சு வரல." என் முகத்தைப் பார்த்தார். "நீ பயந்திட்ட என்ன. நானும்தான். ஆனா பாட்டைப் போடல பாரு நீ."

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரை கொடுத்தார்கள். மாடிப்படி ஏறாதே என்றார்கள். எங்கள் நிலையம் கொள்ளுப்பிட்டியில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இந்த வருடம் முழுக்க அவர் படிக்கட்டில் பாதியில் நின்று, கீழே வருகிறவர்களோடு அந்த வார முடிவுகளைக் கதைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாதபடி. முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்துவிடலாம் என்றேன். முடியாது என்றார். டிசம்பர் கடைசி வாரத்திலும் சதுரங்கம் இருக்கிறது, பனிச்சறுக்கு இருக்கிறது, நேற்று மாறிய முடிவை இன்று யார் வாசிப்பது என்று கேட்டார். நியாயம்தான். நியாயமாகக் கதைக்கிறவர்களோடுதான் எனக்கு அதிகம் கோபம் வரும்.

கொட்டாஞ்சேனையில் சாவு வீட்டில் கூட்டம். பாதிப் பேர் அவரை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறார்கள். ஜிந்துப்பிட்டியிலிருந்து த்ரீவீல் சாரதிகள் நான்கு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து, "குரலுக்கு ஆள் உயரமா இருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். பேலியகொடையில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஜவுபர் நானா வந்திருந்தார். ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் அழைப்பெடுத்து, சூமோ முடிவில் பிழை இருக்கிறது என்று வாதாடுகிறவர் அவர்தான். ஒரு தடவையும் பிழை இருந்ததில்லை.

"தம்பி, நீயா அந்த கொன்சோல்?"

"ஓம் நானா."

"முப்பத்தியோராந் திகதி என்ன நடக்கும்?"

"தெரியாது."

"ஒண்ணாந் திகதி நான் யாருக்குக் கோல் எடுக்கிற அப்ப?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வாசலில் போய் நின்றார். லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். வாசலில் அன்டன் இருந்தார். வருகிறவர்கள் பெயர் சொல்லித் துக்கம் கேட்டார்கள், அவர் திரும்பவில்லை. நான் தோளில் தொட்டேன். திரும்பிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் முனாஸ் சேர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"மகன், விளம்பரக்காரங்க கேக்குறாங்க. ப்ரோக்ராம் ஈக்கா இல்லயா. இல்லாட்டி அந்த நேரத்துக்குப் பாட்டுப் போடச் சொல்றாங்க. ஒருக்கா பாட்டு வந்திட்டா அந்த மணித்தியாலம் திரும்ப வராது. ஒனக்குத் தெரியும்தானே." மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஸ்டெல்லாட குரல் நம்மகிட்ட எவ்வளவோ ஈக்கி. இப்ப கொம்பியூட்டர்ல செய்றாங்களாமே. நீ அதுல கெட்டிக்காரன்."

எனக்கு அது முடியும். அதுதான் சிக்கல். நான் மைக் முன்னால் உட்காரத் தேவையில்லை. என் பயம் தீர்ந்தது. அன்று பகலிலேயே அவருடைய பழைய நிகழ்ச்சிகளை ஏற்றி, குரலைக் கட்டி, இந்த வருடத்துப் பட்டியலில் பத்துப் பெயரைக் கொடுத்தேன். முனாஸ் சேர் பக்கத்தில் நின்றார். ஓட விட்டேன்.

ஸ்டெல்லா அக்கா வாசித்தார்.

பிழை இல்லை. குரல் அதே குரல். அந்த மெல்லிய கரகரப்பும் இருந்தது. நான்காவது பெயர் நவம்பர் கடைசியில் வென்ற ஒரு பாரந்தூக்கும் பெண்ணுடையது. பெயர் கேட்க இன்னும் போகாத பெயர். அக்கா அதை வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவருடைய குரல் அதைத் தயங்காமல் சொன்னது. இடைவெளி ஒன்று போட்டுப் பார்த்தேன். எத்தனை செக்கன் என்று எழுதினால் அத்தனை செக்கன் நிற்கிறது. நின்ற அந்த நேரத்தில், பழக்கத்தில், கண்ணாடிக்கு அப்பால் மேசையைப் பார்த்தேன். கை எங்கே என்று பார்த்தேன். கதிரை வெறுமையாக இருந்தது. குரல் திரும்பவும் தொடங்கியது.

சொல்கிறேன், எனக்கு அவ்வளவு பயம் போன வருடம்கூட வரவில்லை. போன வருடம் ஒரு மனுஷி வாசிக்க முடியாமல் நின்றார். இது நிற்கவே தேவையில்லாத ஒன்று. பட்டியல் எதுவானாலும் வாசிக்கும். யார் பெயரை எப்படிப் போட்டுக் கொடுத்தாலும் வாசிக்கும். நடுங்காது.

"நிப்பாட்டு மகன்," என்றார் முனாஸ் சேர். கேட்டவரே அவர்தான். முகம் வெளிறியிருந்தது. "நிப்பாட்டு. அவ கேட்டா நம்ம ரெண்டு பேருக்கும் செருப்பால அடிப்பா."

நிறுத்தினேன். கட்டிய குரலின் கோப்பை அழித்தேன். அழித்ததை அவருக்குக் காட்டினேன்.

"அப்ப யாரு வாசிக்கிற?" என்றார். செய்தி வந்த காலையில் நான் கேட்ட அதே கேள்வி.

என்னையே பார்த்தார். அறையில் வேறு யாரும் இருக்கவில்லை.

ஸ்டெல்லா அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது எது என்று யோசித்தேன். அவருடைய குரல் இல்லை; அது பழைய ஒலிப்பதிவுகளாகக் கணினியில் இருக்கிறது, அதைத் தொட எனக்கு இனித் தைரியமில்லை. பொறுமையும் இல்லை, ஐந்து வருடத்தில் அது எனக்குத் துளிகூட ஒட்டவில்லை. மேசையில் பொத்தி வைத்த ஒரு கை இருக்கிறது. பயந்துபோன ஒருவர், பயந்துபோன இன்னொருவரிடம், பொறு என்று சொன்ன கை. இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேசையில் என் கையை அப்படி வைத்துப் பார்க்கிறேன். நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் கை விரியவும் இல்லை.

அவரைக் கேட்டு வளர்ந்தவர்களே, என் குரல் நன்றாக இருக்காது. அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இனிச் செய்யப் போவது இவை:

1. மிச்சமுள்ள பெயர்களோடு துறைமுக விடுதிக்குத் தனியாகப் போவேன். எந்த நாடு என்று கேட்பேன். அவர்கள் சிரிப்பதை நிறுத்தும் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

2. பட்டியலை மட்டையில் ஒட்டுவேன். இந்த முறை எனக்காக.

3. கொன்சோலில் முனாஸ் சேர் உட்காருவார். அவருக்கு இரண்டே இரண்டு கைச்சாடை சொல்லிக் கொடுப்பேன். மெத்தை விளம்பரத்தின் பொத்தானைக் காட்ட மாட்டேன்.

4. டிசம்பர் 31, பிற்பகல் மூன்று மணிக்கு, போன வருடத்துப் பிழைகளிலிருந்து தொடங்குவேன். 'தடங்கலு' என்பதோடு நின்றுவிட்டால், மூச்செடுத்து அதே இடத்திலிருந்து வாசிப்பேன்.

5. போன முறை ஆண்கள் முதலில். இந்த முறை பெண்கள் முதலில்.

6. ஜனவரி முதலாம் திகதி காலை, ஜவுபர் நானா அழைக்கும் வரைக்கும் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பேன்.

7. ஸ்டெல்லா அக்காவின் பெயரை வாசிக்க மாட்டேன். அவர் எதையும் வெல்லவில்லை. சேர்த்தால் அவரே ஏசுவார். பெண்கள் நீச்சலில், நீண்ட தூரத்துக்குப் பிறகு, ஒன்றும் கேட்காது. வானொலியைத் தட்டாதீர்கள். பொறுங்கள்.